தங்கையின் கல்யாண கேசட்

பிரசவத்தில் தங்கை போய்ச் சேர்ந்த பிறகு, அவளுடைய கல்யாண வீடியோ கேசட் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. மாப்பிள்ளை மறுகல்யாணம் செய்யப்போகிறார் என்று குஜிலியம்பாறையிலிருந்து சீர் சாமான்களை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கட்டிலையும் பாத்திரத்தையும் அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பீரோவுக்குள் பட்டுச்சேலை மடிப்பில் இருந்த கேசட்டை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொகம் போட்டோவுல இருக்கு. அவ பேச்ச ஒருவாட்டி கேக்கணும்டா."

அம்மா அந்தக் கேசட்டைப் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துத் தெருவே கூடிப் பார்த்தபோது, அவள் அடுப்படியில் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளே கேசட் தங்கையோடு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டது. நான் பார்த்தேன்தான். அந்தக் கூச்சலில் என் காதில் என்ன விழுந்தது? நடுநடுவே பாட்டு வந்ததாக ஞாபகம்.

பக்கத்து வீட்டில் புது டெக் இருந்தது. பிளாஸ்டிக், ஒரு கையில் தூக்கிவிடலாம். அதில் போட்டால் படம் கோடு கோடாக இழுத்தது, சத்தம் கரகரத்தது, செத்த நேரத்தில் திரை முழுக்க நீலமாகிவிட்டது. படம் மோசமாக இருந்தால் அதுவே மறைத்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோசமாக இருந்தால் என்ன, அங்கே நிற்பது என் தங்கை இல்லையா?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பழைய மாடல் டெக் தேடித் திண்டுக்கல்லில் பழைய சாமான் கடைகளாக அலைந்தேன். தூக்கினால் இடுப்பு பிடிக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கும். படத்தில் கோடு விழாமல் சரிசெய்யும் டிராக்கிங் குமிழ் கையால் திருப்புவதாக இருக்க வேண்டும். சோதிக்க ஒரு பழைய சினிமா கேசட்டையும் பையில் வைத்திருந்தேன். ஊரே சிடிக்குப் போய்விட்டது, இவனைப் பார் என்று கடைக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கடைசியில் பேகம்பூரில் ஒரு பாய் கடைப் பரணிலிருந்து நான் கேட்ட மாதிரியே ஒன்று இறங்கியது. டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்தார். சைக்கிள் கேரியரில் கட்டி உருட்டிக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் கேசட்டைப் போட்டுக் குமிழை மெல்லத் திருப்பினேன். கோடுகள் கீழே இறங்கி ஓரத்தில் ஒதுங்கின. அவள் வந்தாள். மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

சத்தமும் கரகரப்பில்லாமல் வந்தது. சினிமாப் பாட்டு. பெண்ணழைப்புக்குப் பாட்டு, தாலி கட்டும்போது பாட்டு, பந்தியிலும் பாட்டு. நான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"ஒரே எரைச்சலா இருக்குண்ணே. பேச்சயெல்லாம் எடுத்துட்டு பாட்டா போடச் சொல்லிட்டேன்" என்று அன்றைக்கு என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அப்போது எல்லோர் கல்யாண கேசட்டும் அப்படித்தான்.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் தங்கை இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் ஓடியாடிக்கொண்டிருந்த அம்மா அவளைக் கடந்து போனாள். தங்கை நிமிர்ந்து ஏதோ கேட்டாள். உதடு மட்டும் அசைந்தது. அம்மா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து போய் உட்கார்ந்தாள்.

"சாப்டியாம்மாங்கிறா" என்றாள் என்னிடம். பிறகு திரையைப் பார்த்து, "இன்னும் இல்ல தாயி. நீ சாப்புடு" என்றாள்.