தீவிலிருந்து வாசித்த எழுத்துகள்

தலைமை அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'தீவு'தான். "தீவு ஃபைல் அனுப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். படகில் போய்ச் சேர வேண்டிய ஒரு பாறைத் திட்டில், அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பதிவு செய்யும் நிலையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டில், ஒரு கணினி, வெளியே கருவிக் கம்பம். ஆள் முகம் பார்க்காமல் இருந்து இருந்து, வெந்நீர்க் கெட்டிலிடம் "என்ன, இன்னும் கொதிக்கலையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

தினமும் காலையில் பதிவுகளை ஒரே கோப்பாக்கி அனுப்புவார். அங்கே இணைப்பு நொண்டியடிக்கும். வழியில் எது சிதைந்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கறுப்புத் திரையில் sha256sum என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரையும் தட்டுவார். எண்ணும் எழுத்துமாக நீளமாய் ஒரு வரி வரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். அலுவலகத்தில் கோப்பை வாங்கும் பெண்ணும் அதே கட்டளையைத் தட்டி, போனை எடுப்பாள்.

"சொல்லுங்க சார்."

"ஏழு, எஃப், மூணு, பி..."

"சரியா இருக்கு சார். வெச்சிடுறேன்."

அன்றாடம் அவர் காதில் விழும் மனிதக் குரல் அவ்வளவுதான். அதற்காகவே எழுத்துகளைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வாசிப்பார்.

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் வரி ஒத்துப்போகவில்லை. அவள் மறுபடி அனுப்பச் சொன்னாள். அப்போதும் இல்லை. சந்தேகப்பட்டு, பதிவுகள் சேரும் மெமரி கார்டைக் கழற்றிச் செருகி, தன் பக்கமே கட்டளையைத் திரும்பத் தட்டினார். ஒரே கோப்பு, ஆனால் வரி வேறு!

"கோளாறு வழியில இல்ல மேடம். கார்டே போச்சு. கருவிக்குள்ளயே இன்னொரு பதிவு இருக்கும், புது கார்டுல இறக்குறேன். நேரம் ஆகும்."

"பரவால்ல, லைன்லயே இருக்கேன்."

கோப்பு ஆமை வேகத்தில் இறங்கியது. சும்மா இருக்க முடியாமல் அவள் கேட்டாள்: "புயல்ல தனியா பயமா இல்லையா? வீட்ல தேட மாட்டாங்களா?"

"அம்மா தேடுவாங்க. போன மாசம் போயிட்டாங்க. கடல் கொந்தளிப்பா இருந்துச்சு, படகு வரல. முகத்தக்கூடப் பார்க்கல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்ல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அண்ணா... கூடப் பொறந்தவங்க இல்லையா?"

"தங்கச்சி இருக்கா. எல்லாத்தையும் தனியாத் தாங்கினவ அவதான். எந்த முகத்தோட பேசுறது?"

கோப்பு இறங்கி முடிந்தது. அனுப்பினார். இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை முழுதாக வாசித்தார். அவளும் அவசரப்படுத்தவில்லை. எல்லாம் பொருந்தியது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மேலிடம் விழித்துக்கொண்டது. இரண்டு பக்கத்து வரிகளையும் கணினியே ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு வந்தது. 'ஓகே' என்று திரையில் விழும், போன் அடிக்காது. வேலை சுத்தமாக நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை நேரம்தான் நகர மறுத்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரே போன் போட்டார். புது ஆண்குரல் எடுத்தது. அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம்.

"ஃபைல்ல ஏதாவது பிரச்சினையா சார்?"

"இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கையின் எண்ணை அழுத்தினார். எடுத்ததுமே வெடித்தாள்: "இப்பதான் ஞாபகம் வந்துச்சா? உயிரோட இருக்கியா இல்லையான்னு நான் யாரைப் போய் கேட்பேன்?"

அவள் திட்டத் திட்ட, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.