சீர் வண்டியின் பச்சை விளக்கு

தலை தீபாவளிக்கு வந்த புது மாமா, மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கே.கே. நகர் வீட்டு வாசலில் நின்ற அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி, சாவியைத் திருகி ஹாரனை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. அந்த வயதில் என் பேச்சை எதுவும் கேட்டதில்லை என்பதால் எனக்கு அது வியப்பாக இல்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்த அத்தைக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது.

அந்த வண்டி கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து சீராகக் கொடுத்தது.

"அண்ணே, சாவியப் போட்டா எரியிற பச்சை லைட்டும் எரியல. எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான். குடுத்த குண்டானெல்லாம் தகரம்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டிருக்காக" என்றாள் அப்பாவிடம்.

வெயில் தாழ்ந்ததும் அத்தையும் மாமாவும் ஊரின் மறுகோடியில், திருப்பரங்குன்றத்து மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். பண்டிகை நாளில் ஒரு மெக்கானிக் கடையும் திறந்திருக்காது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மின்சாரத்தில் அவருடைய முன் அனுபவம், இஸ்திரிப் பெட்டியைப் பழுதுபார்த்துத் தெருவையே இருட்டாக்கியது. அந்தத் திறமை எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. இன்றும் என் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அது அணையும்வரை வேறு பக்கம் பார்த்து ஓட்டுகிறேன்.

என்னை ஜன்னலோரம் குறட்டைக்குக் காவல் வைத்தார்கள். குறட்டை நின்றால் நான் இரும வேண்டும்.

அப்பா வண்டியின் பக்கமூடியைக் கழற்றினார். கண்ணாடி ஃபியூஸ் கருகியிருந்தது. வீட்டு ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டிச் சாவியைத் திருக, மீட்டருக்குள் பச்சை எரிந்தது. அத்தை சிரித்தாள். வண்டியை நிழலுக்குத் தள்ள அப்பா ஹாண்டிலை ஒரு பக்கமாக ஒடித்தார். 'பட்'. பச்சை போய்விட்டது.

குறட்டையும் நின்றது.

இருமினேன். அப்பா முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்தார். சக்கரம் அவருக்குப் போதவில்லை. அத்தை தாலிக்கொடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டில் கிறீச்சிட்டது. புரண்டு படுத்த மாமா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஹாண்டிலத் திருப்புனாத்தாண்ணே போகுது" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

அப்பா ஹெட்லைட்டுக்குப் பின்னால் விரலை விட்டு, துருப்பிடித்த மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை உருவினார். ஹாண்டில் திரும்பும்போதெல்லாம் அது ஒயரின் தோலைக் குத்தி ஃபியூஸைக் கருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கல்யாணத்தன்று, நூலை நம்பாமல் வண்டி மாலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டியவர் அப்பாவேதான். கம்பியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒயருக்குக் காயப் பிளாஸ்திரி ஒட்டினார்.

ரேடியோ ஃபியூஸும் கருகிவிட்டது; இனி இன்னொன்று வேண்டும். அத்தை சீட்டுக்கடியில் இருந்த டூல்ஸ் பையைத் துழாவி, ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்துத் திறந்தாள். புது ஃபியூஸ் இரண்டு இருந்தன. அவற்றுக்குக் கீழே டப்பா முழுக்கக் கருகிய ஃபியூஸ்கள்.

"இம்புட்டா! கல்யாணத்துலருந்து மாப்ள மாத்திக்கிட்டே இருந்திருக்காரே. ஒங்கிட்டகூடச் சொல்லலையா?"

"யார்ட்டயுமே சொல்லலண்ணே. வண்டி எப்பிடிப்பா ஓடுதுன்னு எங்க மாமியா கேக்குறப்பெல்லாம், தங்கமா ஓடுதும்மான்னுதான் சொல்லுவாக."

புது ஃபியூஸை மாட்டி, ஹாண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்துப் பார்த்தார்கள். பச்சை அசையவில்லை. நிம்மதியில் அப்பா ஹாரனை அமுக்கிவிட்டார். மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன மச்சான், வண்டியத் தொடைக்கிறீங்களா?"

"ஆமா மாப்ள. ஒரே தூசி."

மாமா பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு அத்தையின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "தங்கமான வண்டி மச்சான்" என்று மட்டும் சொன்னார்.

விளையாடுவதற்கு அந்தக் கருகிய ஃபியூஸ்களைக் கேட்டேன். எதைக் கேட்டாலும் கொடுக்கும் அத்தை, "போடா" என்று சொல்லி அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள். வரும்போது சீட்டுக் கம்பியைப் பிடித்து வந்தவள், போகும்போது மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எரிந்துபோன ஃபியூஸ் எதற்கும் உதவாது என்பதுகூட அத்தைக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியவர்களுக்குக் கரண்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.