அரைக்கட்டை இறக்கிய தாஸ் அண்ணன்

தாஸ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, மடுகரையில், வீட்டிலேயே... டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

எங்கள் ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட். பதினெட்டு வருஷமாக மேடையில் எனக்கு இடது பக்கம் நின்றவர். போட்டோக்களில் பார்த்திருப்பீர்கள், கம்பெனி யூனிஃபார்ம் சட்டையோடு கிட்டார் வாசிக்கும் ஆள். சேதராப்பட்டில் ஷிஃப்ட் முடித்து நேராக வருவார். மாற்றுச் சட்டை கொண்டுவரச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என்னைப் பாடகி ஆக்கியதும் அவர்தான். அதுவும் என் பாட்டைக் கேட்டு இல்லை. திருக்கனூர் பஸ்ஸில் கண்டக்டரோடு நான் போட்ட சண்டையைக் கேட்டு!

ஸ்டாப்பில் நிறுத்தவில்லை என்று நான் கத்து கத்தென்று கத்த, பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "எம்மா, இம்மாம் நேரம் கத்தியும் தொண்ட கட்டலியே... எங்க பேண்டுக்குப் பாட வர்றியா?"

கண்டக்டரே சிரித்துவிட்டார்.

அப்புறம் காலேஜ் விழாக்கள், கடலூர், பெங்களூரு, கோவா... பாதி வாழ்க்கை வேனிலேயே போனது. மேடையில் புகை மெஷின், ஹோட்டலில் ஏசி, வழியெல்லாம் தூசி. எங்களோடு ஆரம்பித்த ராக் பாடகர்களில் ஒருவர் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டார். இன்னொருவருக்கு இப்போது பேசினாலே கரகரப்பு.

வேனில் நான் வாயைத் திறந்தால் போதும், அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "செல்வி, இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பேசாத. மேடைல போறத வுட இங்கதான் ஒன் கொரலு போவுது." சூயிங்கம் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைப்பார்.

அதனால்தானோ என்னவோ, எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "ஆரம்பிச்ச அதே சுருதியிலதான் இன்னைக்கும் பாடுறேன்" என்று இந்தப் பக்கத்திலேயே எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன்! நீங்களும் ஹார்ட் போட்டீர்கள்.

அது பொய். எனக்கே தெரியாத பொய்.

போன வருஷம் அண்ணன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு ஷோவுக்கு மட்டும் பாண்டியிலிருந்து வேறு கிட்டாரிஸ்ட் வந்தார். நல்ல கை. ஆனால் இரண்டாவது பாட்டிலேயே எனக்கு மேல் ஸ்வரம் எட்டவில்லை. மூன்றாவது பாட்டில் குரல் பிளந்தது. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி அவர்களைப் பாடவைத்து எப்படியோ ஒப்பேற்றினேன்.

வேனில் ஏறியதும் உடைந்துவிட்டேன். அவ்வளவுதான், என் குரல் போச்சு, இதுதான் கடைசி ஷோ என்று ஒரே அழுகை. பாடுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் உருப்படியாக வராது. அந்தப் பயம் எனக்குத்தான் தெரியும்.

பேஸ் கிட்டார் வாசிக்கும் குமரன் ரொம்ப நேரம் நெளிந்துவிட்டுச் சொன்னான்: "யக்கா, ஒனக்கு ஒண்ணும் ஆவல. தாஸ் அண்ணன் கிட்டார் சுருதிய எறக்கி வெச்சித்தான் வாசிப்பாரு. இவரு ஒசத்தி வெச்சிட்டாரு. ஒன் எதிருல எப்டி சொல்றது..."

பேண்டில் எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர.

மறுவாரம் டிஸ்சார்ஜ் ஆகி வந்த மனுஷன் என்றுகூடப் பார்க்காமல் மடுகரைக்குச் சண்டைக்குப் போனேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருஷமாண்ணா இந்தக் கூத்து?"

"மொத அரைக்கட்ட, ஒன் பெரியவன் பொறந்தப்ப. அடுத்த அரைக்கட்ட, கொரோனா முடிஞ்சி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாடுவியா, கட்டைய எண்ணுவியா?"

"ஊரெல்லாம் என் கொரலு அப்டியே இருக்குன்னு சொல்லிக்கினு திரிஞ்சேனே... எனக்கு அசிங்கமா இருக்காதா?"

ஸ்பூனைக் கீழே வைத்தார். "அப்டியேதான் இருக்குது. நாங்கதான் கொஞ்சம் எறங்கிட்டோம்."

இதற்கு மேல் என்னத்தைச் சண்டை போடுவது! மீதிக் கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார் அண்ணி.

அதற்குப் பிறகு ஒளிவுமறைவு இல்லை. சவுண்ட் செக்கில் என்னைப் பார்த்து "இன்னா, போதுமா?" என்பார். நான் தலையாட்டுவேன். இந்த ஒரு வருஷம்தான் நான் மேடையில் பயமில்லாமல் பாடியது. உண்மையாகவே ஜாலியாக இருந்தது.

இன்று போனேன். முகத்தில் ஒரு வலியும் இல்லை, தூங்குகிற மாதிரிதான் இருந்தார். அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் கிட்டார்.

"நேத்து சாய்ந்தரம் பூரா இத்தயே முறுக்கிக்கினு இருந்தாரும்மா. சனிக்கெழம ஷோவுக்குன்னாரு."

மீட்டிப் பார்த்தேன். என்னமோ மாதிரி இருந்தது. போனில் டியூனர் வைத்துப் பார்த்தால்... இன்னும் அரைக்கட்டை கீழே. கம்பி தானாகத் தளர்ந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் போகும். இது ஆறும் ஒரே அளவு.

போன ரிகர்சலில் என் குரலில் எதையோ கேட்டிருக்கிறார். எனக்கு இன்னும் கேட்கவில்லை.

வெளியே ஜெபத்துக்கு என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். அந்தக் கம்பியிலேயே சுருதி எடுத்துக்கொண்டு போய்ப் பாடினேன். அழுதுகொண்டே பாடியும் எந்த இடத்திலும் தொண்டை இழுக்கவில்லை.

சரியாத்தான் வெச்சிருக்கீங்கண்ணா. போய்ட்டு வாங்க.