கையால் மிதிக்கும் பிரேக்

காரை விற்றுவிடலாம் என்று என் மனைவியும் மச்சினனும் பேசி முடித்தபோது நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கால்கள்தான் இரண்டும் விளங்காது. மூன்று வயதில் வந்த போலியோ. ஆனால் கால் சரியில்லாதவனுக்குக் காதும் சரியாக இருக்காது என்று ஊரில் பலருக்கு ஒரு நினைப்பு. என்னிடம் சத்தம் போட்டுப் பேசுவார்கள். என்னைப் பற்றி என் பக்கத்திலேயே நின்று பேசுவார்கள். என் மச்சினன் அந்த இரண்டையும் செய்வான். நல்லவன்தான், அக்காள் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அதனாலேயே அவனிடம் கோபப்படவும் முடியாது.

விற்கிற அளவுக்கு என்ன நடந்தது என்றால், புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியை. அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவளை அழைத்துக்கொண்டு ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, அந்த மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோட்டின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது.

என் காரில் பிரேக் கைக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இழுத்தால் ஆக்ஸிலரேட்டர், கீழே அழுத்தினால் பிரேக். கம்பியின் மறுமுனை பெடலைப் பிடித்திருக்கும். கியர் மாற்ற வேண்டாத பழைய கார் ஒன்றை வாங்கி, மதுரையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்து பொருத்தியது. உரிய ஆபீஸில் காட்டி, ஓட்டிக் காட்டி, அதற்கான லைசென்ஸும் வாங்கியிருக்கிறேன்.

அன்று கம்பியை அழுத்தினேன். தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. அதற்குமேல் இறங்க இடமில்லாமல் முட்டி நின்றது, கார் நிற்கவில்லை. விட்டு மறுபடி அழுத்தினேன். மூன்றாவது அழுத்தில் பிடித்தது. பஸ்ஸின் பின்பக்கம் முன்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. என் மனைவி சத்தம் போடவில்லை. கைப்பையை நெஞ்சோடு பிடித்தவள் வீடு வரும்வரை அதை இறக்கவில்லை. பஸ்ஸை விட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு பட்டறையில் பிரேக் பைப் மாற்றியிருந்தேன். அவர்களையே வரச் சொன்னேன். வந்த ஆள் சீட்டில் உட்கார்ந்து காலால் இரண்டு மிதி மிதித்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். மச்சினன் சேத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தான். அவனும் காலால்தான் ஓட்டினான்.

“அத்தான், பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கார்ல ஒண்ணும் கொறை இல்ல” என்றான்.

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. காரில் குறை இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் ஓட்டத் தெரியாதவனாக ஆகிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று மாதக் கணக்கில் பேசியாகிவிட்டது. வருகிற ஞாயிறு சாயங்காலம் காரைப் பார்க்க ஆள் வருவதாகவும் ஏற்பாடு.

அந்த வாரம் முழுக்க எனக்குள் ஒரே பொருமல். ஆட்டோவில் ஏறுவது எனக்கு ஒன்றும் புதிதில்லை. பாதி வாழ்க்கை அப்படித்தான் போனது. யாராவது வர வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும், அவர்களுக்குத் தோதான நேரத்தில் நான் கிளம்ப வேண்டும். இந்தக் கார் வந்த பிறகுதான் ‘நான் வாரேன், நீ இரு’ என்று என் மனைவியிடம் சொல்ல முடிந்தது. அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி பழையபடி வாசலில் காத்துக்கிடக்க நான் தயாராக இல்லை.

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஷெட்டில் போய்க் காரில் உட்கார்ந்து கம்பியை அழுத்திப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டுக் கைத்தடியால் பெடலை நேராக அழுத்தினேன். வாரம் முடிவதற்குள் விஷயம் பிடிபட்டது. காலால் மிதிப்பவனுக்குப் பெடல் தரை வரைக்கும் இறங்கும். என் கம்பிக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது. பாதிக்குமேல் கொஞ்சம் போனதும் தட்டிவிடும். பைப் மாற்றும்போது பிரேக் ஆயில் ஓடுகிற குழாயில் காற்று கொஞ்சம் தங்கியிருந்தால் கால்காரனுக்குப் பெடல் ஒரு விரல் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான், அவன் கவனிக்கவே மாட்டான். எனக்கு அந்த ஒரு விரல்தான் பிரேக்கே. காலுக்குப் போதுமான பிரேக் என் கைக்குப் போதவில்லை.

இதை மனைவியிடம் சொன்னேன். “சரிங்க” என்றாள். நோயாளி எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்களே, அந்தச் சரி. பட்டறையில் சொன்னாலும் மறுபடி ஒருத்தன் உட்கார்ந்து மிதித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான். ஆக, குழாயில் இருக்கிற காற்றைத் துளி விடாமல் நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அசனம், சபையார் எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் ஒதுங்க வைத்து அவள் வர மூன்று மணியாவது ஆகும். தலைவலி என்று சொல்லி நான் படுத்துக்கொண்டேன். ஆண்டவர் மன்னிப்பார், மச்சினன்தான் மன்னிக்க மாட்டான்.

அவர்கள் போனதும் காலில் மாட்டுகிற காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். நான் வேலை பார்ப்பது சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், கணக்கில். அங்கே துணி பேல்களைத் தள்ளுகிற சக்கரப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளினால் காரைச் சுற்றி வரலாம். ஜாக் போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுவதற்குள்ளேயே சட்டை நனைந்துவிட்டது.

வேலை சின்னதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் ஆயிலை வெளியே விடுவதற்கு நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ஒரு ஆள் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் நிப்பிளைக் கொஞ்சம் திறந்தால் ஆயிலும் அதோடு காற்றுக் குமிழும் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பிரேக்கை விட வேண்டும். முந்தி விட்டால் போன காற்று திரும்பி வந்துவிடும். இரண்டு ஆள் வேலை. நான் ஒரு ஆள், அதிலும் எங்கள் ஊர்க் கணக்குப்படி அரை ஆள். நிப்பிளில் குழாய் மாட்டி, அதன் முனையை ஆயில் பாட்டிலில் முக்கிவைத்து, திறந்தபடியே அழுத்தி அழுத்தி எடுக்கிற வழியையும் போனில் பார்த்திருந்தேன். என் காரில் நிப்பிளின் மரை தேய்ந்து போயிருந்தது. அந்த இடுக்கு வழியாகவே காற்று உள்ளே போய்விடும், அதனால் அது உதவாது.

சரி, கம்பியை அழுத்திக் கட்டிவிடுவோம் என்று காயத்துக்கு வைத்துக் கட்டுகிற காஸ் துணியை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லா வேலைக்கும் காஸ் துணிதான். காபி வடிகட்ட, தக்காளிச் செடியைக் கட்ட, கிறிஸ்மஸ் ஸ்டாரைத் தொங்கவிட, எல்லாம். ஒரு சுருளை முறுக்கினால் ஆளையே தூக்கலாம். கம்பியை முழுப் பலத்தோடு அழுத்தி, சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில் இறுக்கிக் கட்டினேன். கீழே இறங்கி, பலகையில் ஏறி, பின்சக்கரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டித் திறந்தேன்.

பிச் என்று ஒரு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

மூடினேன். திரும்பித் தள்ளிக்கொண்டு வந்து, கைகளை ஊன்றி உடம்பைச் சீட்டுக்குத் தூக்கி, கட்டை அவிழ்த்து, மறுபடி அழுத்தி, இன்னும் இறுக்கிக் கட்டி, இறங்கி, தள்ளி, திறந்தால் மறுபடி அதே ஒரு சொட்டு. குழாய் அடைத்திருக்கிறதோ என்று அதை ஊதிப் பார்த்தேன். கட்டுப் போதவில்லையோ என்று துணியை இரட்டையாக முறுக்கினேன். காருக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக முழங்கை தோல் உரிந்துவிட்டது. ஆலங்குளம் போகிற சிமெண்ட் லாரிகள் ஒவ்வொன்றாக வீட்டைக் கடக்கும்போது ஷெட்டின் தகரம் அதிர்ந்து என்னைக் கேலி செய்தது. வாய்விட்டுத் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பேசக்கூடாத வார்த்தைகள்தான்.

ஒரு தடவை எரிச்சலில் நிப்பிளை மூடாமலே மேலே ஏறிவிட்டேன். ஏறிக் கட்டை அவிழ்த்து, கம்பியைக் கையால் அழுத்தினேன். கை தானாக இறங்கியது. ஆயில் அங்கே வெளியேற வெளியேற இங்கே கம்பி கீழே போனது, என் கையும் அதோடு போனது. கடைசி வரை இறங்கி நின்ற பிறகுதான் நிப்பிள் திறந்திருக்கிறது என்பதே உறைத்தது. கையை எடுத்தால் காற்று உள்ளே போகும். மூடலாம் என்றால் நிப்பிள் காரின் அந்தக் கோடியில் இருக்கிறது. கம்பியை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

ஆனால் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. பிரேக்கை மிதிக்கிற கால் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பெடல் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்குகிறது. கால் உள்ளவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கே தெரியாமல் கால் அதைச் செய்கிறது. நான் நினைவு தெரிந்ததிலிருந்து ஒன்றையும் காலால் மிதித்து அறியாதவன். மிதிப்பது என்றால் அசையாமல் அமுக்கிப் பிடிப்பது என்று நினைத்துத்தான் முரட்டுத்தனமாகக் கட்டி வைத்திருந்தேன். கட்டிய இடத்தில் கம்பி நின்றுவிட்டது, பிறகு ஆயில் எப்படி வரும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வயதுக்கு மேல் ஒரு கால் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டிருக்கிறேன்.

வேண்டியது முறுக்கிய கயிறு இல்லை, இழுத்துக்கொண்டே இருக்கிற ஒன்று. அது என் வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தது. கம்பெனியில் தள்ளுபடி ஆன கிரேப் பேண்டேஜ். முட்டி சுளுக்கினால் சுற்றுவோமே, ரப்பர் போல இழுபடும், அதுதான். கம்பியிலிருந்து சீட்டு இரும்பு வரைக்கும் அதை நன்றாக இழுத்து, சுற்றின் மேல் சுற்றாகச் சுற்றினேன். கையை எடுத்த பிறகும் துணி கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது.

இறங்கிப் போய் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் குழாய்க்குள் ஓடி வந்தது. நடுவில் ஒரு குமிழ், பின்னால் சின்னதாக இரண்டு மூன்று, பிறகு நீளமாக ஒரு வெற்றிடம். அந்தக் காற்றுதான் என்னை ஓட்டத் தெரியாதவனாக ஆக்கியது. மூடிவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு எனக்குச் சோர்வு தெரியவில்லை. தூரத்துச் சக்கரம் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. நடுநடுவே காரின் முன்பக்கத்தில் நெஞ்சைச் சாய்த்து எழும்பி, பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றினேன். குமிழ் வருவது நின்ற சக்கரத்திலும் இன்னொரு முறை எடுத்தேன். கால்காரனுக்குப் போதும் என்கிற இடத்தில் நான் நிறுத்த முடியாது.

கடைசிச் சக்கரத்தை மாட்டி, சீட்டில் ஏறி, பேண்டேஜை அவிழ்த்து, கம்பியை அழுத்தினேன். கொஞ்சம் இறங்கியதும் கெட்டியாக நின்றது. பலம் முழுவதையும் போட்டேன். அசையவில்லை. காரை ஸ்டார்ட் செய்து காம்பவுண்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தினேன். முதல் அழுத்திலேயே நின்றது. திரும்பவும் ஓட்டினேன், திரும்பவும் நின்றது. கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கேட் சத்தம் கேட்டது. அசனச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு மனைவி வந்து நின்றாள். ஆயில் பாட்டில், பலகை, ஜாக், என் முழங்கை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையில் தூசி ஒட்டியிருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“ஒத்தையிலயா செஞ்சீங்க?” என்றாள்.

ஆமாம் என்றேன். சொல்லிப் புரியவைக்க வேண்டியதை ஒரு வாரமாகச் சொல்லி ஓய்ந்திருந்தேன்.

அவள் எழுந்து போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சேலையை ஒதுக்கி, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். பிறகு கம்பியைப் பிடித்து அழுத்தினாள். நின்ற இடத்திலிருந்து அதை இன்னும் கீழே இறக்க, இரண்டு கையையும் வைத்து உடம்பின் கனத்தையும் போட்டுப் பார்த்தாள். இறங்கவில்லை. கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். இத்தனை வருஷத்தில் வீட்டில் யாரும் அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். கால்களைக் கீழே இறக்காமலே பேசினாள்.

“ஏலே, காரப் பாக்க வாரவியள வரவேண்டாம்னு சொல்லிரு. ஆட்டோவும் வேண்டாம்.” அந்தப் பக்கம் அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். கேட்டுக்கொண்டாள். “நாளைக்கு அவியதான் என்னைக் கொண்டுபோயி விடுவாக. பக்கத்துல உக்காந்து போறவ நானு. எனக்கே பயம் இல்ல, ஒனக்கு என்னலே?”

நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க அவசரம் எதுவும் இல்லை.