பதினேழாம் எண் மின்பெட்டி

மேவிஸ் ஹாட்ரலுக்குப் பிரெஞ்சு தெரியாது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் கணவனோடு வால்ஸால் என்ற ஆங்கிலேய ஊரிலிருந்து கிளம்பி, கப்பலில் கடல் தாண்டி, பிரெஞ்சுக் கடற்கரையில் ரொயானுக்குத் தெற்கே கெய்தான் என்பவன் நடத்திய சுற்றுலா வண்டிகள் தங்கும் முகாமில் போய் வண்டியை நிறுத்துவாள். அத்தனை வருஷத்தில் அவள் கற்றது ரொட்டி வாங்கவும் நன்றி சொல்லவும் வேண்டிய நாலு வார்த்தைகள்தான். மற்ற எதற்கும் சிரித்துத் தலையாட்டி விடுவாள்.

அவள் கணவன் கிளிஃபர்ட் முப்பத்தெட்டு வருஷம் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைகளில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஓய்வு பெற்றதும் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்கினான். முகாமில் வண்டிக்கு மின்சாரம் மைதானத்துப் பெட்டியிலிருந்து வயர் இழுத்துத்தான் வரவேண்டும். வந்த முதல் வருஷமே பதினேழாம் எண் பெட்டியில் டெஸ்டரைச் செருகிப் பார்த்துவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான். மின்சாரம் வரும் லைவ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் இடம் மாறிக் கிடந்தன.

"அதனால என்ன? லைட்டு எரியுதே," என்றாள் மேவிஸ்.

"எரியும் கண்ணு, எல்லாம் எரியும். அணைக்கும்போதுதான் வினை. நம்ம வண்டி சுவிட்சு ஒத்தக் கம்பியத்தான் வெட்டும். கம்பி மாறிக் கெடந்தா அது நியூட்ரல வெட்டிட்டு லைவ உள்ளயே விட்டுடும். நீ அணைச்சாச்சுன்னு கைய வைப்ப, அது அணைஞ்சிருக்காது."

அன்றே அரை மீட்டரில் ஒரு குட்டி வயர் செய்தான். அதன் உள்ளே இரண்டு கம்பிகளையும் வேண்டுமென்றே மாற்றி இணைத்து, மேலே சிவப்பு நாடா சுற்றினான். தப்பான பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே அதைச் செருகினால் தப்பு நேராகிவிடும். அதோடு நிற்காமல், வருஷா வருஷம் கெய்தானைப் பிடித்து நச்சரிப்பான். இருவரும் ஆளுக்கொரு பாதி மொழியில் சண்டை போடுவார்கள்.

"நாப்பது பெட்டி இருக்கு. எல்லாத்தையும் பிரிக்கச் சொல்றியா? ஜெர்மன்காரன் கேக்கல, டச்சுக்காரன் கேக்கல. உங்க ஊரு வண்டிக்கு மட்டும் என்ன நோவு?" என்பான் கெய்தான்.

"செத்தா எல்லா ஊருக்காரனும் ஒண்ணுதான்யா," என்பான் கிளிஃபர்ட். பிறகு இருவரும் சேர்ந்து திராட்சை மது குடிப்பார்கள்.

பன்னிரண்டாவது வருஷம் போனபோது கிளிஃபர்ட்டுக்கு வழியிலேயே காய்ச்சல் கண்டுவிட்டது. முகாமுக்குள் வண்டியை நிறுத்தியதும் போய்ப் படுத்துக்கொண்டான். பதிவு செய்ய மேவிஸ்தான் போனாள். கெய்தானுக்கு அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஜன்னல் வழியே மைதானத்தைக் காட்டி, கைகளைக் குறுக்கே வைத்துப் பிரித்துக் காட்டி, கிளிஃபர்ட் பேரைச் சொல்லிச் சொல்லி ஏதோ நீளமாகப் பேசினான். மழை வலுத்துக்கொண்டிருந்தது. மேவிஸ் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓடி வந்தாள்.

நனைந்துகொண்டே வயரை இழுத்தாள். பதினேழாம் எண் என்றால் சிவப்பு. யோசிக்க எதுவும் இல்லை. டெஸ்டர் கிளிஃபர்ட்டின் பெட்டியில் அடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கிளிஃபர்ட்டுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. குளிக்கப் போனவன் தண்ணீர் சூடாகவில்லை என்று திரும்பி வந்தான்.

"மேவிஸ், நேத்து செவப்பு போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"அப்ப சரி."

ஹீட்டரின் சுவிட்சை அணைத்தான். மூடியைக் கழற்றினான். மேவிஸ் முட்டைக்கு உப்புத் தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஒரு கை ஹீட்டருக்குள்ளும் மறு கை ஈரத்தோடு இரும்புச் சட்டத்திலுமாக, அவளைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி இருந்தான்.

அவள் ஓடிப்போய் வெளியே வயரைப் பிடுங்கினாள். பிடுங்கியதை, சிவப்பும் சேர்த்து, வண்டியின் பக்கவாட்டுச் சாமான் அறைக்குள் எறிந்துவிட்டுக் கத்தினாள். பக்கத்து வண்டிக்காரர்கள் வந்து அவன் நெஞ்சை அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கெய்தான் மழையில் நின்று அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதைப் பக்கத்து வண்டி டச்சுக்காரி ஆங்கிலத்தில் சொன்னாள்: "மார்ச் மாசம் எல்லாப் பெட்டியையும் சரி பண்ணிட்டாராம். நாப்பதையும். உங்க வீட்டுக்காரர் சந்தோஷப்படுவாருன்னு."

பெட்டி நேராகிவிட்டது. நேரான பெட்டியில் மாற்று வயரைச் செருகி, தப்பை அவளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அது மேவிஸுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. சிவப்பு வயரைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைச் சோதித்தார்கள். கம்பிகள் சரியாக இருந்தன. ஆனால் ஷாக் அடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ட்ரிப்பர் விழவில்லை. செலவைக் குறைக்க கெய்தான் பழையதையே திரும்பப் போட்டிருந்தான். வண்டியில் இருந்த ட்ரிப்பரும் உப்புக் காற்றில் இறுகிப் போயிருந்தது. புதியது ஒன்று பிரிக்காத அட்டையோடு கிளிஃபர்ட்டின் இழுப்பறையில் இருந்தது. இந்தப் பயணத்தில் மாட்டுவதாகச் சொல்லியிருந்தான். முகாமுக்குச் சீல் வைத்தார்கள். கெய்தான் மேல் வழக்குப் பதிவானது.

மகள் ஜனீன் வந்து அப்பாவின் உடலை ஊருக்குக் கொண்டு போனாள். "அந்த ஆள உள்ள தள்ளாம விடமாட்டேம்மா," என்றாள். அதையே பிடித்துக்கொண்டு அவள் எழுந்து நடமாடினாள். அதனால் மேவிஸ் ஒரு வருஷம் உண்மையைச் சொல்லாமல் இருந்தாள். தூக்கம் போய், சாப்பாடு போய், கடைசியில் ஒருநாள் மகளிடம் சொல்லிவிட்டாள்.

ஜனீன் வழக்குக் காகிதங்களை மூடி வைத்தாள். பிறகு, "இத எதுக்கு எங்கிட்ட சொன்ன?" என்றாள். "நான் யாரத் திட்டுறது இப்ப?"

மேவிஸ் விசாரணை அதிகாரிக்கும் எழுதினாள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வாக்குமூலம் கோப்பில் சேர்க்கப்பட்டது. ட்ரிப்பர் குறித்த குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது என்று இரண்டு வரி. அவள் எழுதியது அவளைக் குற்றவாளியாக்கவும் இல்லை, கெய்தானுக்கு உதவவும் இல்லை.

செப்டம்பரில் தனியாக ரயிலேறி ரொயானுக்குப் போனாள். கெய்தான் சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பின்வாசலில், சரக்கு லாரிகளுக்கு நடுவே, ஆள் பாதியாக இளைத்து நின்றான். நடந்ததை நகரத்தில் ஒருவரிடம் பிரெஞ்சில் எழுதி வாங்கிய தாளை அவள் நீட்டினாள். அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, நிதானமாகப் படித்தான். பிறகு மடித்து அவளிடமே கொடுத்தான்.

"நான் சொன்னேனே, அம்மா," என்றான், தன் பாதி ஆங்கிலத்தில். "செவப்பு வேணாம்னு. கையில காட்டினேனே. நீங்க தலையாட்டினீங்களே."

"எனக்குப் புரியல."

"புரியலன்னு சொல்லியிருக்கலாமே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நானும் ட்ரிப்பர மாத்தியிருக்கலாம்," என்றான். "கிளிஃபர்ட் கேட்டது அதையும் சேத்துத்தான். கம்பிய மட்டும் மாத்தினேன்."

உள்ளேயிருந்து யாரோ அவன் பேரைக் கூப்பிட்டார்கள். கை கொடுப்பதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நிழற்குடையில் அமர்ந்து ஜனீனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டியை விற்றுவிடச் சொல்லி மகளுக்கு அனுப்பியிருந்த செய்திக்கும் பதில் இல்லை. எதிரே சாலைப் பெயர்ப்பலகையில் முகாமின் பெயரை யாரோ வெள்ளைப் பெயிண்டால் அழித்திருந்தார்கள். கடற்பக்கமிருந்து காற்று வந்தது. மேவிஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.