ஓடாமல் பந்து வீசிய தஸ்தகீர்

தாமுவே வட்டாரக் கிரிக்கெட் அணியில் முதல் ஓவரை வீசுகிறவன் தஸ்தகீர்தான். பகலெல்லாம் மோட்டார் உதிரிபாகக் கடையில் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மிங்கலாடோன் மைதானத்தில் எங்கோ எல்லைக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவருவான். அந்த ஓட்டத்தைப் பார்த்தே மட்டைக்காரர்களில் பாதிப்பேர் ஒரு எட்டு பின்வாங்குவார்கள்.

ஒரு மழைக்கால முடிவில் ஈரத்தரையில் வழுக்கி, முழங்கால் மடங்கி விழுந்தான். ஜவ்வு கிழிந்துபோனது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த டாக்டர், நடக்கலாம், மாடி ஏறலாம், வேகமாக ஓடுவதை மட்டும் மறந்துவிடு என்றார்.

அதோடு தஸ்தகீர் மைதானத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அணித் தலைவன் ரமேஷ்குமார் சும்மா வந்து உட்காரவாவது கூப்பிட்டான். போகவில்லை. யாராவது கிரிக்கெட் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

மனைவி நிலோஃபர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு மாலை மின்சாரம் போய் வீடு புழுங்கிக்கொண்டிருந்தபோது, பழைய பந்து ஒன்றைத் தேடியெடுத்து அவன் மடியில் போட்டாள்.

"மச்சான், காலுதானே போச்சு? கைக்கு என்ன?"

"நின்ன எடத்துலேர்ந்து போட்டா எவன்டி அவுட்டாவான்?"

"போடுங்க பாப்போம். நான் புடிக்கிறேன்."

நிலோஃபருக்குப் பந்து பிடிப்பது புதிதல்ல. அண்ணன்மார் கூட்டத்தில் ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்க யாருக்கும் மனசில்லாததால் அந்த வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அந்த ஊர்ப் பெண்களும் கட்டுகிற லுங்கியை இறுக்கிக்கொண்டு சந்தில் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் முக்காலிக்குப் பின்னால் குனிந்தாள். தஸ்தகீர் ஒரே எட்டு வைத்துப் பந்தைச் சுழற்றிவிட்டான். அது நேரே டீக்கடைக்குள் போய்க் கண்ணாடித் தம்ளரை உடைத்தது.

கரண்ட் போகும் மாலைகளெல்லாம் சந்தில் இதே கதைதான். மெல்ல மெல்லப் பந்து திரும்ப ஆரம்பித்தது. ஆனால் நிலோஃபர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கம் திரும்பும்னு உங்க மணிக்கட்டே சொல்லிருது மச்சான். எனக்குத் தெரிஞ்சா அடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

அவன் மணிக்கட்டை மறைக்கக் கற்றுக்கொண்டான். அப்படியும் அவன் விரல்களைப் பார்த்து அவள் கண்டுபிடித்தாள்.

கோடையில் தஸ்தகீர் மைதானத்துக்குத் திரும்பினான். லைங் தாயா வட்டார ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர்களோடு ஆட்டம்.

"பாய், ஓட முடியாதே உங்களால?" என்று ரமேஷ்குமார் தயங்கினான்.

"ஓடப்போறதில்ல. பந்தக் குடு."

முதல் பந்து சிக்ஸருக்குப் பறந்தது. ரமேஷ்குமார் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுத்ததற்கு ஆட்டக்காரர் கோட்டைவிட்டு இறங்கி வந்து மட்டையை வீச, பந்து அவரைத் தாண்டிப் போனது. விக்கெட் கீப்பர் செல்வத்தையும் தாண்டிப் போனது. அன்று முழுக்க அதே கூத்து. மட்டைக்காரர்கள் ஏமாந்தார்கள், கூடவே செல்வமும் ஏமாந்தான். அவன் விட்ட பந்துகளிலேயே எதிரணி கடைசி ரன்களை எடுத்து ஜெயித்துவிட்டது.

செல்வம் கையுறையைக் கழற்றி எறிந்தான். "பாய் போடுறது எனக்கே புரியலப்பா. நான் என்ன பண்றது?"

ரமேஷ்குமார், ஆட்டம் பார்க்க வந்து குடை பிடித்து நின்ற நிலோஃபரிடம் நேராக வந்தான். "அக்கா, சந்துல இவர் பந்தப் புடிச்சது நீங்கதானாமே. இவர் பந்து புரியிற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். அடுத்த ஞாயிறு நிக்கிறீங்களா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "என்னை ஏன் பாக்குற? கேப்டன் உன்னத்தானே கேக்குறாரு" என்றான்.

அடுத்த ஞாயிறு, தலைத்துணியை இறுக்கிக் கட்டி, செல்வத்தின் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள் நிலோஃபர். தஸ்தகீர் ஒரே எட்டு வைத்து வீசினான். இறங்கி வந்த ஆட்டக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பந்தைப் பிடித்து ஸ்டம்பைச் சரித்திருந்தாள்.

அம்பயர் விரலை உயர்த்துமுன்பே தஸ்தகீர் அவளை நோக்கி ஓடினான்.

"ஓடாதீங்க மச்சான்!" என்று கத்தினாள் அவள்.