மெருகு போட்ட மணிக்கூடு

கொட்டாஞ்சேனைக் காளியப்பன் ஏலத்தில் கை மணிக்கூடு ஒன்று எடுப்பதற்காக மனைவியின் தாலிக்கொடியை விற்றுவிட்டாராம். ஜெனீவாவில் இதை எனக்குச் சொன்னவள் என் மனைவி உஷாந்தி. அவளுக்கு வத்தளையிலிருந்து யாரோ போனில் சொன்னார்களாம். காளியப்பன் என் தாய்மாமன். ஜெனீவா ஏல மண்டபத்தில் அவருக்காகக் கையை உயர்த்தியவன் நான். "விடாதடா, இன்னும் ஏத்து!" என்று அவர் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இந்தப் பழியில் எனக்கும் பங்கு வருமோ என்ற பயத்தோடுதான் கொழும்பில் வந்து இறங்கினேன்.

தாலிக்கொடியை யாரும் விற்கவில்லை. மெருகு போடத்தான் கொடுத்திருந்தார்கள்.

மாமாவுக்கு இரும்புக் கடை. ஆணி, பூட்டு, தண்ணீர்க் குழாய். வாங்க வருகிறவர்களைப் பார்த்து அவர் சிரித்ததாக நினைவில்லை. கல்லாவுக்கடியில் ஏலப் பட்டியல்கள் கிடக்கும். மாதம் முப்பதா முப்பத்தொன்றா, வருடம் லீப் வருடமா என்று தானே அறிந்து திகதியை மாற்றிக்கொள்ளும் பழைய தங்க மணிக்கூடு ஒன்றுக்காகக் காணியை விற்றவர். அதைக் கையில் கட்டியதே இல்லை. அப்படிப்பட்ட பழைய மணிக்கூடுகளைச் சேர்ப்பவர்கள் கீறலைப் பொறுப்பார்கள். மெருகு போட்டு விளிம்பை மழுக்கியதைப் பொறுக்க மாட்டார்கள்.

மகள் ரதிக்குக் கலியாணம் நிச்சயமானது. மாமாவின் மனைவி மயிலம்மா அத்தை, வீட்டிலிருந்த நகைகளையெல்லாம் மெருகு போடச் செட்டியார் தெரு நகைக்கடைக்கு அனுப்பினார். கலியாணத்துக்கு முன் எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். மங்கிக் கிடந்த தங்க மணிக்கூட்டையும் கூடவே சேர்த்துவிட்டார். கண்ணாடி போலத் திரும்பி வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்திருந்த அன்று, அவர்களுக்குக் காட்டவென்று மாமா பெட்டியைத் திறந்தார்.

"பாத்திரம் விளக்குற கைக்கு இதோட அருமை என்னாடி தெரியும்?"

மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அத்தையைப் பார்த்து இப்படிக் கேட்டாராம். அத்தை ரதியையும் கூட்டிக்கொண்டு வத்தளைக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கலியாணம் அங்கேதான், நாளைக்கு. நான் நேரே மாமாவின் கடைக்குப் போனேன்.

"போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க மாமா. நீங்க வராட்டி அத்தையோட அண்ணன்தான் தாரை வார்த்துக் கொடுப்பாராம்."

"கெடுத்தவ அவ. நான் மன்னிப்புக் கேக்கணுமா? ஜெனீவாவுல இருந்து எனக்குப் பாடம் நடத்த வந்தியா?"

"ரதி உங்க மகள்."

"மகளா? எங்கம்மா கை பட்டா பட்டதுதான், அதுக்கு என்னா இப்போன்னு என்னையே கேட்டுட்டுப் போனவ!"

பூட்டு வாங்க வந்த மேல்மாடி வீட்டுப் பைறோஸா தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

"என்ன காளியப்பண்ணே, மகள்ட கலியாணத்துக்கு இன்னும் ஷேவ்கூட எடுக்கல்ல? ஒங்களுக்குப் பதிலா மணிக்கூட்டயா அனுப்பப் போறீங்க?"

"பூட்டு கதவுக்கா, உன் வாய்க்கா?"

"வாய்க்கென்டா முதல்ல நீங்கதான் மாட்டோணும். மாட்டியிருந்தா பொண்டாட்டி வீட்டுல இருந்திருப்பா."

அவர் போனதும் மாமா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"ரதி நம்பரைப் போடு. உன் போன்ல இருந்து. என்னோடத எடுக்க மாட்டா."

"என்ன சொல்லப் போறீங்க?"

"அது எனக்கும் அவளுக்கும். உனக்கென்னா?"

திட்டத்தான் போகிறாரோ என்று நினைத்தேன். இருந்தும் போட்டுக் கொடுத்தேன். மாமா உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். "ரதிம்மா" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.